ஆலையிலும் ஆய்வு கண்ட அறிஞர்

விண்வெளி என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர் டாக்டர் விக்ரம் சாராபாய். 1963 ஆம் ஆண்டு தும்பாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட்டையும், இராமேசுவரம் தந்த அப்துல் கலாம் அவரின் கீழ்ப் பணியாற்றியதையும் நம் மாணவர் நன்கறிவர். ஆயினும், வளரும் நாட்டின் தொழிலும் நிருவாகமும் முறையாக ஆராயப்பட வேண்டியவை என்று செயலால் காட்டிய முன்னோடி அவர் என்பதைப் பலர் அறியார். அப்பக்கத்தையே நாம் இங்கு நினைவுகூர விழைகிறோம்.

சாராபாய் 1919 ஆகஸ்டு 12 ஆம் நாள் அகமதாபாத்தில், ஆலை அதிபர் அம்பாலாலின் மகனாகப் பிறந்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் அந்நகர ஆலைத் தொழிலாளர் காந்தியடிகளின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்தனர். ஆலை அதிபர்களின் முன்னணியில் நின்றவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய தமக்கையார் அனசூயா. முதலாளியும் தொழிலாளியும் எவ்வாறு இணைந்து உழைப்பது என்னும் வினா அக்குடும்பத்திற்குள்ளேயே இருந்தது எனலாம்.

கேம்பிரிட்ஜில் கல்வி பயின்ற சாராபாய், போர்க் காலத்தில் பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் அண்டக்கதிர் ஆய்வு செய்தார். 1947 இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், அகமதாபாத்தின் ஒரு கல்லூரி அறைகளிலேயே இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் நெசவாலைகளுக்கென ‘அதிரா’ என்னும் ஆராய்ச்சிக் கழகமும் உருவாகத் துணைநின்றார். பரம்பரை அனுபவமே போதும் என்றிருந்த ஆலைத் தொழிலில், நெசவுத்துறை அனுபவமில்லாத இளம் ஆய்வாளர்களை அவர் பணியமர்த்தினார். நூலையும் தறியையும் மட்டுமன்றித் தொழிலாளரின் மனத்தையும் ஆராய உளவியல் பிரிவு ஒன்று அங்கு அமைந்தது. கமலா சௌத்ரி அதனைத் தலைமையேற்று நடத்தினார்.

அந்நகரில் வளர்ந்த ஆய்வுச் சூழலுக்கு ஒரு சான்று காட்டலாம். சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்த பின்னும் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. விக்ரமின் தமையனார் கௌதமின் பொறுப்பில் இருந்த அவ்வாலையில், 1953 இல் இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் ஆய்வு செய்தார். குறை தறியில் இல்லை. வேலை சிறு சிறு கூறுகளாகத் துண்டாடப்பட்டிருந்ததே குறை என்று கண்டார். குறிப்பிட்ட தறிகளைச் சிறு குழுவினரிடம் கூட்டுப் பொறுப்பாக ஒப்படைக்கும் எண்ணம் முன்வைக்கப்பட்டதும் தொழிலாளரே அதனை ஆர்வத்துடன் ஏற்றனர். உற்பத்தி உயர்ந்தது, துணிச் சேதம் குறைந்தது. உலகின் நிருவாகவியல் நூல்களில் அகமதாபாத் ஆய்வு நிலைத்த இடம் பெற்றது.

1961 டிசம்பரில் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தோன்றியதில் சாராபாயின் பங்கு பெரிது. மைய அரசு, மாநில அரசு, ஆலை அதிபர்கள், ஃபோர்டு அறக்கட்டளை ஆகியோரின் துணையை அவர் ஒருங்கு திரட்டினார். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்பும் கிட்டியது. 1965 வரை மதிப்புறு இயக்குநராக விளங்கினார். ஹார்வர்டின் நிகழ்வாய்வு முறையைக் கைக்கொண்ட அக்கழகம், இந்திய நிறுவனங்களின் நிகழ்வுகளைத் தானே ஆராய்ந்து எழுதிப் பாடமாக்கியது; வேளாண்மை நிருவாகத்தையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது.

1971 டிசம்பர் 30 ஆம் நாள், கோவளத்தில் சாராபாய் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்திரண்டே.

வணிகக் குடும்பங்களில் பிறந்த நம் மாணவர் பலர் கடையிலேயே கணக்கு கற்றவர்கள். சரக்கு வாங்குவது, கடன் கொடுப்பது, நம்பிக்கையைக் காப்பது ஆகியவற்றில் நம் முதியோரிடம் உள்ள அறிவு பெரிது. ஆனால் அது எழுதப்படாமலே அவர்களோடு மறைந்துவிடுகிறது. நம் அனுபவத்தை நாம் ஆராயாவிடில், பிறர் அனுபவத்தையே நாம் பாடமாகப் படிக்க நேரும். ஆலை அதிபரின் மகன் ஆய்வறிஞரானார். நம் வணிகரின் மக்களும், கல்லாப்பெட்டியின் அருகே ஒரு குறிப்பேட்டையும் வைப்பார்களாக!