தீர்ப்புச் சொன்ன இராமசாஸ்திரி

போபோடியில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து பேருந்தேறினால் சனிவார் வாடா நெடுந்தொலைவன்று. அக்கோட்டை வாயிலில் நின்றபோது, பேஷ்வாக்களைக் காட்டிலும் அவர்களிடம் ஊதியம் பெற்ற ஒருவரே என் நெஞ்சில் நிறைந்தார். அவர்தாம் இராமசாஸ்திரி பிரபுணே.

சாத்தாராவை அடுத்த மாகுலியில் பிறந்தவர். இளமையில் செல்வர் ஒருவர் வீட்டில் பணியாள். பின்னரே காசிக்குச் சென்று சாத்திரங்களைக் கற்றுத் தேர்ந்தார். 1759இல் பூனா அரசின் தலைமை நீதிபதியானார். அன்றைய உணவுக்கு மேல் வீட்டில் எதையும் சேர்த்து வையாதவர். பேஷ்வா மாதவராவ் வழிபாட்டில் மூழ்கி ஆட்சிக் கடமையை மறந்தபோது, நேரில் இடித்துரைத்துத் திருத்தியவர்.

1773 ஆகஸ்டு 30. பதினெட்டு வயதுப் பேஷ்வா நாராயணராவ் அக்கோட்டைக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சிற்றப்பன் இரகுநாதராவ் ஆட்சியைக் கைப்பற்றினார். இராமசாஸ்திரி துருவி ஆராய்ந்தார். பழி புதிய பேஷ்வாவின் மீதே விழுந்தது. இக்குற்றத்திற்கு உயிரைத் தவிர வேறு கழுவாய் இல்லையென முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பதவியைத் துறந்து, வாய் அருகே ஒரு சிற்றூருக்குச் சென்றுவிட்டார் என்பர்.

நம் மனுநீதிச் சோழன் தன் மகனைத் தண்டித்தான். ஆனால் அவனே அரசன். இவரோ அரசனின் ஊழியர்! தீர்ப்பு நிறைவேறவில்லை. எனினும் இரகுநாதராவ் விரட்டப்பட்டபின், 1774இல் இராமசாஸ்திரி மீண்டும் அழைக்கப்பட்டார். 1789இல் மறையும்வரை நீதிபதியாகவே விளங்கினார்.

மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிக்கும், தணிக்கைத் தலைவருக்கும், தேர்தல் ஆணையருக்கும் அதிகாரம் ஏன் என்று நம் விடுதியில் அடிக்கடி வாதம் எழுகிறது. ஆய்வுக்கூடத் தராசை வாக்கெடுத்து அமைப்பதில்லை. பொருளுக்கு உரியவன் விருப்பப்படி முள் சாய்ந்தால் அது தராசும் அன்று. ஆனால் தராசையும் அவ்வப்போது சோதித்தாக வேண்டும். இராமசாஸ்திரியைச் சோதிக்க மக்களுக்கு வழியில்லை. அந்தப் பதவிக்குரிய சாத்திரக் கல்வியும் எல்லாச் சாதியார்க்கும் திறந்திருக்கவில்லை. ஒருவரின் நேர்மையே அன்று முழுக் காவல்.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு அக்குறையை உணர்ந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியை அரசாங்கம் தன் விருப்பம்போல் நீக்க இயலாது. மெய்ப்பிக்கப்பட்ட தவறுக்காக, மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையுடன் கோரினால்தான் நீக்கலாம். அஞ்சாமைக்கும் அரண் உண்டு. பொறுப்புக்கும் வழி உண்டு.

அரண் இருந்தும் அஞ்சுவோரைக் காணும்போது, அரணின்றி நின்ற அந்த முதியவரை நினைக்கிறேன். சட்டம் பதவியைக் காக்கும். பதவியின் மானத்தைக் காப்பது அதில் அமர்பவர் கடன் அன்றோ!