மருத்துவ அறிஞர் ரிவர்சு

திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த பின்னலாடை ஊர்களிலும் வாழும் முதியோரிடம் வெறிநாய்க்கடியைப் பற்றிக் கேட்டால், வயிற்றில் போடப்பட்ட 14 ஊசிகளையே முதலிற் கூறுவர். மேற்கே நீலமலையில், குன்னூரில் 1907ஆம் ஆண்டு தோன்றிய பாஸ்டர் நிலையம் அம்மருந்தை ஆட்டின் மூளையிலிருந்து ஆக்கி வந்தது. அஃது எண்ணற்றோர் உயிரைக் காத்தது. ஆயினும், இத்தகைய மூளைமருந்தை ஏற்றுக்கொண்டோருள் மிகச் சிலர், வெறிநோய் வாராதிருந்தும், கைகால் செயலற்றுக் கிடந்தனர். உலகின் பல நாடுகளிலும் காணப்பட்ட இத்தீங்கின் காரணத்தைத் தேடியவர் தாமசு மில்டன் ரிவர்சு என்பவர்.

பருத்தி விளையும் ஜார்ஜியா மாநிலத்தில், ஜோன்சுபரோ என்னும் ஊரில் 1888ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஜான்சு ஆப்கின்சு மருத்துவப் பள்ளியிற் பயிலுங்கால், அவருடைய கைத்தசை மெலியத் தொடங்கிற்று. ஆசிரியர்கள் ஆராய்ந்து, தசை தேயும் கொடுநோய் என்றும், அவர் நெடுநாள் வாழார் என்றும் கருதினர். மருத்துவம் பயில வந்த இளைஞர், தம் முடிவையே அங்குக் கேட்டறிந்தார்! படிப்பை விடுத்துப் பனாமா சென்று, கால்வாய்ப் பகுதி மருத்துவமனையில் ஆய்வுக்கூட உதவியாளரானார். மாதங்கள் பல கழிந்தும் நோய் வளரவில்லை. எனவே மீண்டு வந்து, 1915இல் பட்டம் பெற்றார்.

1922 முதல் நியூயார்க்கு ராக்பெல்லர் நிலையத்தில் நச்சுயிரிகளை ஆராய்ந்த அவர், மேற்கூறிய தீங்கிற்குக் காரணம் நச்சுயிரியா, மூளைப்பொருளா என வினவினார். நோயற்ற முயலின் மூளைச்சாற்றைக் குரங்குகளின் தசையிற் பன்முறை ஏற்றினார். 1933இல் வெளியிட்ட முதல் ஆய்வில் எட்டனுள் இரண்டே நோயுற்றன. அவர் தளரவில்லை. பல மாதம் ஊசியேற்றி, 1935இல் வெளியிட்ட ஆய்வில் எட்டனுள் ஏழு நோயுற்றன. மின்கம்பியை உறை மூடுவதுபோல் நரம்பிழையை மூடியிருக்கும் மயலின் என்னும் உறை அவற்றின் மூளையில் அழிந்திருந்தது. கிருமி எதுவும் கிட்டவில்லை. நச்சுயிரி ஆய்விலேயே புகழ் பெற்ற ஒருவர், நச்சுயிரி இன்றியும் இந்நோய் உண்டாகும் எனக் காட்டியது அவரது நேர்மைக்குச் சான்றாகும். உடலைக் காக்கும் ஆற்றலே உடலைத் தாக்கக்கூடும் என்னும் கருத்து, பின்வந்தோர் ஆய்வினால் உறுதி பெற்றது.

இதனால் பெரும்பயன் விளைந்தது. மயலின் அழிவதனால் பார்வை மங்கி, நடை தளரும் தண்டுவட மரப்பு நோயை ஆராய்வதற்கு ஒரு வழி பிறந்தது. சுண்டெலி, எலி முதலியவற்றில் இதனை உண்டாக்கி மருந்துகளைச் சோதிக்கலாயினர். இசுரேல் அறிஞர் சிலர், இந்நோயை உண்டாக்குமென எண்ணி ஒரு பொருளைச் செய்தனர். அதுவோ நோயைத் தடுத்தது! கிளாட்டிராமர் என்னும் அம்மருந்து 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும், விலங்கின் நோய் மாந்தர் நோயை முற்றும் ஒத்ததன்று. எலியைக் காத்த மருந்துகள் பல மாந்தரிடம் பயன்படவில்லை. வாயில்லா உயிர்கள் பட்ட துன்பமும் சிறிதன்று.

இளமையிலேயே இறப்பார் எனப்பட்ட ரிவர்சு, இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தின் 1954ஆம் ஆண்டுப் பெருஞ்சோதனைக்கும் துணை நின்று, 1962இல் தம் எழுபத்து மூன்றாம் வயதில் மறைந்தார். ஆட்டுமூளை மருந்து ஆக்குவது 2004இன் இறுதியில் இந்தியாவில் நின்றது. உயிரணு வளர்ப்பில் ஆக்கிய மருந்தே இன்று திருப்பூர் மக்களுக்குக் கையில் ஏற்றப்படுகின்றது.