கைதி எண் 9653

அமெரிக்காவில் 1920-ம் ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி தேர்தல் நடந்தது. போட்டியிட்டவர்களில் ஒருவர் ஓட்டுக் கேட்டு ஒரு தெருவில் கூட நடக்கவில்லை. ஒரு மேடையிலும் ஏறவில்லை. ஏற முடியாது. அவர் அட்லாண்டா நகரத்து மத்திய சிறையில் பத்து ஆண்டு தண்டனை பெற்ற கைதி. கைதி உடையோடு நிற்கும் அவருடைய படத்தையும், 9653 என்ற எண்ணையும் ஆதரவாளர்கள் சட்டையில் குத்திக் கொண்டு திரிந்தார்கள். ஓட்டுகளை எண்ணிய போது அவருக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் விழுந்திருந்தது.

அவர் பெயர் யூஜின் விக்டர் டெப்ஸ். ரயில் என்ஜினில் கரி அள்ளிப் போட்டவர். மளிகை மண்டியில் கணக்கு எழுதியவர்.

இண்டியானா மாநிலத்தில் டெர்ர ஹோட் என்ற ஊரில் 1855 நவம்பர் 5-ந் தேதி பிறந்தார். தாயும் தந்தையும் பிரான்சு நாட்டு அல்சேஸ் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தந்தை சிறிய மளிகைக்கடை வைத்திருந்தார். புத்தகப் பிரியர். பிரெஞ்சுக் கதாசிரியர்களான யூஜின் சூ, விக்டர் ஹியூகோ இருவர் பெயரையும் சேர்த்து மகனுக்கு வைத்தார். தமிழில் "ஏழை படும் பாடு" என்று நாம் படித்த கதையை எழுதிய அதே ஹியூகோதான்.

பதினாலு வயதில் பள்ளிக்கூடம் நின்றது. ரயில்வே ஒர்க்ஷாப்பில் என்ஜின்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டும் வேலை. நாள் கூலி அரை டாலர். அடுத்த ஆண்டு பயர்மேன் ஆனார். பையனுக்கு அது பெரிய பதவி. ஆனால் 1873-ல் அமெரிக்காவில் பெரும் பண நெருக்கடி வந்து, ஆட்குறைப்பில் அந்த வேலை போயிற்று. செயின்ட் லூயிஸ் பக்கம் போய் மறுபடியும் என்ஜினில் ஏறினார். அங்கே அவருடைய நண்பர் ஒருவர் என்ஜினுக்கு அடியில் வழுக்கி விழுந்து உயிரை விட்டார். ஊரில் தாய்க்கு உறக்கம் இல்லை. திரும்பி வரச் சொல்லி மன்றாடினார். 1874-ல் ஊர் திரும்பி, மொத்த மளிகை வியாபாரி ஒருவரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

ரயிலை விட்டு வந்தாலும் ரயில் தொழிலாளிகளை அவர் விடவில்லை. 1875-ல் பயர்மேன்கள் சங்கத்துக்கு ஊரில் ஒரு கிளை தொடங்கிய போது, தொழிலில் இல்லாத இந்தக் குமாஸ்தாவும் சேர்ந்து, கிளைச் செயலாளர் ஆனார். அந்த நாளில் இத்தகைய சங்கங்களுக்குக் கூலிச் சண்டை முக்கிய வேலை அல்ல. ரயில் வேலையில் கை கால் போவதும், சாவதும் சகஜம். இன்ஷூரன்சு கம்பெனிகள் இவர்களைச் சேர்க்கத் தயங்கின. ஆகவே செத்தவனுடைய குடும்பத்துக்குச் சங்கமே பணம் கொடுத்தது. டெப்சும் ஆரம்பத்தில் வேலை நிறுத்தத்துக்கு விரோதிதான். பின்னால் அவரைப் பெரும் கலகக்காரர் என்று தூற்றியவர்கள் இதைச் சொல்வதில்லை. இரண்டு முறை நகரசபை கிளார்க் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநில சட்டசபைக்கும் ஒரு தடவை போனார். 1885-ல் கேட் மெட்செல் என்ற பெண்ணை மணந்தார். குழந்தைகள் இல்லை.

அவருடைய மனதை மாற்றியது 1888-ம் ஆண்டு பர்லிங்டன் ரயில்வேயில் நடந்த வேலை நிறுத்தம். டிரைவருக்கு ஒரு சங்கம், பயர்மேனுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று, பாயின்ட்ஸ்மேனுக்கு ஒன்று. ஒருவன் வேலையை நிறுத்தினால் இன்னொருவன் வண்டியை ஓட்டினான். நிர்வாகம் சுலபமாக வென்றது. ரயிலில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒரே சங்கம் வேண்டும் என்ற முடிவுக்கு டெப்ஸ் வந்தார். நல்ல சம்பளம் தந்த பழைய சங்கப் பதவியை விட்டு, 1893 ஜூனில் சிகாகோவில் அமெரிக்க ரயில்வே யூனியனைத் தொடங்கினார். மறு ஆண்டு ஏப்ரலில் கிரேட் நார்தர்ன் ரயில்வேயைப் பதினெட்டு நாள் நிறுத்தி, குறைத்த கூலியைத் திரும்ப வாங்கினார்கள். அதற்குப் பிறகு ஆள் சேர்ந்த வேகம் சொல்லி முடியாது. ஒன்றரை லட்சம் பேர் வரை சேர்ந்தார்கள்.

புல்மேன் நகரம்

சிகாகோவுக்குத் தெற்கே ஜார்ஜ் புல்மேன் என்பவர் சொந்தமாக ஒரு நகரமே கட்டியிருந்தார். படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகள் செய்வது அவர் தொழில். தொழிலாளியின் வீடு, கடைத்தெரு, புத்தகசாலை, மாதா கோவில் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். பார்க்க வந்தவர்கள் வியந்தார்கள். குடியிருந்தவர்கள் பக்கத்து ஊர்களை விட அதிக வாடகை கொடுத்தார்கள்.

1893-ல் மறுபடியும் நாட்டில் வியாபாரம் படுத்தது. புல்மேன் கூலியைச் சராசரி நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் வெட்டினார். வாடகையை ஒரு சென்ட் கூடக் குறைக்கவில்லை. பங்குதாரர்களுக்கு லாபம் மட்டும் ஒழுங்காகப் போயிற்று. வாடகை பிடித்தது போகச் சிலருக்குச் சில சென்ட்தான் கையில் மிஞ்சியது. முறையிடப் போன குழுவில் மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 1894 மே 11-ந் தேதி ஆலை நின்றது.

இந்தச் சண்டையில் யூனியனை இறக்க டெப்ஸ் தயங்கினார். புதிய சங்கம், கையில் பணம் இல்லை, நாட்டிலே வேலை இல்லாதோர் ஏராளம். ஆனால் சிகாகோவில் கூடிய யூனியன் மாநாட்டில் புல்மேன் தொழிலாளிகள் வந்து கதையைச் சொன்ன பிறகு யாரும் அடங்கவில்லை. ஜூன் 26 முதல் புல்மேன் பெட்டி கோத்த வண்டியைத் தொடுவதில்லை என்று பகிஷ்காரம் ஆரம்பித்தது. 27 மாநிலங்களில் சுமார் இரண்டரை லட்சம் பேர் கலந்து கொண்டார்கள்.

அதே மாநாட்டில் ஒரு பெரிய தவறும் நடந்தது. கறுப்பர்களை யூனியனில் சேர்க்கலாமா என்று ஓட்டெடுத்தார்கள். சேர்க்க வேண்டும் என்று டெப்ஸ் வாதாடினார். 100-க்கு 112 ஓட்டில் தோற்றார். புல்மேன் பெட்டிகளில் படுக்கை விரித்து, பூட்சு துடைத்த போர்ட்டர்கள் அனைவரும் கறுப்பர்கள். புல்மேனை எதிர்க்கக் கிளம்பிய சங்கம் புல்மேனுடைய ஆட்களிலேயே ஒரு பகுதிக்குக் கதவை அடைத்தது. அந்தப் போர்ட்டர்கள் 1925-ல் பிலிப் ராண்டால்ப் தலைமையில் தனிச் சங்கம் கண்டு, 1937-ல்தான் கம்பெனியிடம் ஒப்பந்தம் வாங்கினார்கள்.

தந்திரம் ஒன்று நடந்தது. தபால் பெட்டியைப் புல்மேன் பெட்டி உள்ள வண்டியிலேயே கோத்தார்கள். வண்டி நின்றால் தபாலும் நிற்கும்; தபாலைத் தடுத்தால் மத்திய சர்க்காருக்கு விரோதம். மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்த ரிச்சர்ட் ஆல்னி ரயில் கம்பெனிகளின் பழைய வக்கீல். ஜூலை 2-ந் தேதி கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கினார்கள். அதன்படி, வேலையை நிறுத்து என்று சங்கத் தலைவர் ஒரு தந்தி கொடுத்தாலே குற்றம். மாநில கவர்னர் ஆல்ட்கெல்ட் வேண்டாம் என்று சொல்லியும், ஜனாதிபதி கிளீவ்லண்ட் பட்டாளத்தைச் சிகாகோவுக்கு அனுப்பினார். பட்டாளம் வந்த பிறகுதான் கலவரம் மூண்டது. பெட்டிகள் எரிந்தன, பலர் சுடப்பட்டு இறந்தார்கள். இதே கிளீவ்லண்ட், சில நாட்களுக்கு முன் ஜூன் 28-ல், செப்டம்பர் முதல் திங்களைத் தொழிலாளர் தினமாக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்!

வேலை நிறுத்தம் உடைந்தது. டெப்ஸ் கைதானார். கலந்து கொண்டவர்கள் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியது. வேறு பெயர் வைத்துக் கொண்டு வேறு ஊரில் வேலை தேடியவர்கள் பலர். டெப்சுக்காக வாதாடியவர் கிளாரன்ஸ் டாரோ. ரயில் கம்பெனி ஒன்றில் வக்கீலாக இருந்து, அதை விட்டு வந்தவர். பயனில்லை. கோர்ட் உத்தரவை மீறியதற்கு ஆறு மாதம். சுப்ரீம் கோர்ட்டும் 1895 மே மாதம் அதை உறுதி செய்தது.

உட்ஸ்டாக் என்ற சிற்றூர் ஜெயிலில் நிறையப் படித்தார். மார்க்சின் புத்தகம் அங்கேதான் கைக்கு வந்தது. நவம்பர் 22-ல் விடுதலையாகிச் சிகாகோ வந்த போது பெருங்கூட்டம் காத்து நின்றது. 1897-ல் தம்மை சோஷலிஸ்ட் என்று அறிவித்தார். செத்துப் போன யூனியனின் கடனைத் தம் தலையில் போட்டுக் கொண்டு, ஊர் ஊராகப் பேசிக் கிடைத்த பணத்தில் ஆண்டுக் கணக்கில் அடைத்தார். வந்து குவியும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது தம்பி தியோடர் வேலை.

1900 முதல் நான்கு தடவை ஜனாதிபதி பதவிக்கு நின்றார். 1908-ல் ஒரு தனி ரயிலை வாடகைக்கு எடுத்து, அதற்குச் சிவப்பு ஸ்பெஷல் என்று பெயரிட்டு நாடெல்லாம் ஓடினார். 1912-ல் ஒன்பது லட்சம் ஓட்டு, நூற்றுக்கு ஆறு வீதம். ஜெயிக்க மாட்டோம் என்று அவருக்கே தெரியும்.

யுத்தமும் தண்டனையும்

முதல் உலக யுத்தத்தில் 1917 ஏப்ரலில் அமெரிக்கா இறங்கியது. ஆள் சேர்ப்புக்குக் குந்தகமாகப் பேசினால் கடுந்தண்டனை என்று சட்டம் வந்தது. 1918 ஜூன் 16-ந் தேதி ஒகையோ மாநிலம் கேன்டன் நகரில், ஜெயிலில் இருந்த தோழர்களைப் பார்த்து விட்டு, பக்கத்துப் பூங்காவில் டெப்ஸ் யுத்தத்தைக் கண்டித்துப் பேசினார். கூட்டத்தில் சர்க்காரின் சுருக்கெழுத்தாளர் இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. இரண்டு வாரத்தில் கைது. விசாரணையில் தம் பக்கம் சாட்சி யாரையும் அவர் நிறுத்தவில்லை. பேசியதை மறுக்கவும் இல்லை. ஜூரிகளிடம் தாமே நெடுநேரம் பேசினார். பத்து ஆண்டு. சுப்ரீம் கோர்ட்டும் தண்டனையை ஊர்ஜிதம் செய்தது. யுத்தம் ஓய்ந்து ஐந்து மாதம் கழித்து, 1919 ஏப்ரலில், அறுபத்து மூன்றாம் வயதில் ஜெயிலுக்குப் போனார்.

தனிச் சலுகை எதுவும் வேண்டாம் என்றார். எழுதத் தெரியாத கைதிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இருதயம் கெட்டது. விடுவிக்கலாம் என்று தம் சட்ட மந்திரியே சிபாரிசு செய்தும் ஜனாதிபதி வில்சன் மறுத்து விட்டார்.

அடுத்து வந்தவர் ஹார்டிங். பழமைவாதி, ஆனால் பகை வைத்திருக்காத மனிதர். 1921 மார்ச்சில் நடந்தது விசித்திரம். புதிய சட்ட மந்திரி பேச விரும்பியதால், காவலுக்கு ஒரு போலீஸ்காரர் கூட இல்லாமல் டெப்சைத் தனியாக வாஷிங்டனுக்கு ரயில் ஏற்றினார்கள். போனார், பேசினார், தாமே திரும்பி வந்து ஜெயிலில் நுழைந்தார்!

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று விடுதலை. அவர் வெளியே நடந்த போது, ஜெயில் விதியைத் தளர்த்திக் கைதிகளை முன் பக்கம் வர விட்டார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் போட்ட கூச்சலில் டெப்ஸ் திரும்பி நின்று அழுது விட்டார். கைச் செலவுக்கு ஜெயிலில் கொடுத்த ஐந்து டாலரை, கொலை வழக்கில் சிக்கியிருந்த சாக்கோ, வான்செட்டி என்ற இரண்டு இத்தாலியத் தொழிலாளிகளின் வழக்கு நிதிக்கு அனுப்பினார். மறு நாள் வெள்ளை மாளிகையில் ஹார்டிங் அவருக்குக் கை கொடுத்தார். ஊரில் பல்லாயிரம் பேர் வரவேற்றார்கள்.

உடம்பு தேறவில்லை. கட்சியும் பிளந்து கிடந்தது. ஜெயில் அனுபவத்தை எழுதினார். அது புத்தகமாக வந்தது இறந்த பிறகுதான். 1926 அக்டோபர் 20-ந் தேதி, சிகாகோவுக்கு அருகே எல்ம்ஹர்ஸ்டில் ஒரு சிகிச்சை நிலையத்தில் காலமானார். வயது எழுபது. டெர்ர ஹோட்டில் அவரும் கேட்டும் 1890-ல் கட்டிய மாடி வீடு இப்போது காட்சிசாலையாக இருக்கிறது.