பேராசிரியர் சுந்தரனார்: மாணவராய் நின்ற ஆசிரியர்

நம் சங்கத்தின் ஆண்டு விழா தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குவது வழக்கம். அவையிலுள்ள சிறியோரும் பெரியோரும் எழுந்து நின்று பாடுகின்றோம். தமிழக அரசு 1970-ஆம் ஆண்டில் அரசு விழாக்களுக்குரிய வாழ்த்தாக ஏற்று, 2021-இல் மாநிலப் பாடல் என்றே அறிவித்த அப்பாடல், மனோன்மணீயம் என்னும் நாடக நூலின் பாயிரப் பகுதியிலிருந்து எடுக்கப்பெற்றது. அதனை இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் கற்றதும் கற்பித்ததும் நாம் வாழும் இதே திருவனந்தபுரத்தில்தான் என்பதை நம் பிள்ளைகளிற் பலர் அறியார். அவரைப் புலவர் என்று போற்றுவோர் பலர். நல்லாசிரியராக அவர் எவ்வாறு உருவானார் என்பதையே இங்கு எழுத விழைகின்றேன். நான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு புகைவண்டித் துறையில் எழுத்தராய்ப் பணிபுரிபவன். பெரியாரைப் பற்றி எழுதத் துணிந்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

சுந்தரனார் 1855-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 4-ஆம் நாள் ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை, தாயார் மாடத்தியம்மாள். பிழைப்பின் பொருட்டு மலையாள நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் அவர்தம் குடும்பமும் ஒன்று. நம்மைப் போலவே என்று சொல்லலாம். வீட்டில் தேவாரமும் திருவாசகமும் ஒலித்தன. நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம் அவர் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். 1834-இல் அரசர் பள்ளியாகத் தோன்றி, 1866-இல் கல்லூரியாக உயர்ந்து, இன்று பாளையத்தில் யூனிவர்சிட்டி காலேஜ் என வழங்கும் மகாராஜா கல்லூரியில் பயின்று, 1876-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே அதே கல்லூரியில் அவரை ஆசிரியராகவும் அமர்த்தினர். அப்பொழுது வயது 21.

ஆசிரியர் ஆனவுடன் ஒருவர் கற்றுத் தேர்ந்துவிட்டார் என்று உலகம் எண்ணுகிறது. உண்மையில் அன்றுதான் அவரது படிப்பு மீண்டும் தொடங்குகின்றது. இதனைச் சுந்தரனார் வாழ்வு நன்கு காட்டும்.

1877-இல் அவர் நெல்லைக்குச் சென்று, பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்த ஆங்கிலத் தமிழ்ப் பள்ளியின் தலைமை ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். சிவகாமியம்மையாரை மணந்ததும் அவ்வாண்டிலேயாம். இருபத்திரண்டு வயதில் ஒரு பள்ளியை நடத்தும் தலைமை வந்தால் எவருக்கும் சிறிது செருக்குத் தோன்றும். அவரோ நெல்லையை அடுத்த கோடகநல்லூரில் வாழ்ந்த சுந்தர சுவாமிகளை நாடிச் சென்று, வேதாந்த சித்தாந்தப் பொருள்களை மாணவராய் அமர்ந்து கேட்டார். பகலில் தலைமை ஆசிரியர். குருவின் முன்னே மாணாக்கர். இவ்விரு நிலைகளும் ஒருவரிடத்தில் அமைந்தது அவர் பெற்ற பேறு.

இரண்டாண்டுகள் கழித்து அவர் மீண்டும் திருவனந்தபுரம் வந்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பிக்கலானார். அங்கே தத்துவப் பேராசிரியராய் விளங்கிய ராபர்ட் ஹார்வி துரை அவருக்கு ஆசானும் துணைவருமாய் வாய்த்தார். மேனாட்டுத் தத்துவ நூல்களில் ஹார்வி வழிகாட்ட, 1880-இல் சுந்தரனார் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர்ச் சுமார் மூன்றாண்டுகள் அரசின் வருவாய்த் துறையில் பிறவகைச் சிரஸ்தாராய் உத்தியோகம் பார்த்தார். 1885-இல் ஹார்வி பணியிலிருந்து விலகியபோது அப்பேராசிரியர் பதவி சுந்தரனாரை வந்தடைந்தது. ஆசான் அமர்ந்த இருக்கையில் மாணவர் அமர்ந்தார். தம் இறுதிக் காலம் வரை அதிலேயே பணியாற்றினார்.

இவ்விடத்தில் என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல அனுமதிப்பீர்களாக. பயணச்சீட்டுக் கவுண்டரில் புதிதாய் அமரும் எழுத்தனைத் தனியே விட்டுவிடுவதில்லை. சில நாட்கள் மூத்தவர் ஒருவர் பக்கத்திலே அமர்ந்திருப்பார். நான் சேர்ந்த புதிதில் ஒரு பயணி என்மீது புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. என் மூத்தவர் பயணிகள் முன்னிலையில் ஒன்றும் பேசவில்லை. பணி முடிந்து பணத்தை எண்ணிக் கட்டியபின், அப்பக்கத்தை எடுத்து என்னுடன் மீண்டும் படித்தார். பயணி எழுதியதில் எது கோபம், எது உண்மை என்று பிரித்துக் காட்டினார். அன்று நான் கற்றது பயிற்சிப் பள்ளியில் கற்றதைவிட மிகுதி. புகார்ப் புத்தகம் மட்டும் இருந்திருந்தால் நான் பகை கொண்டிருப்பேன். மூத்தவர் மட்டும் இருந்திருந்தால் என் குறை எனக்கே தெரிந்திராது. இரண்டும் சேர்ந்தமையால் திருந்தினேன்.

இன்று கல்லூரிகளில் ஆசிரியரைப் பற்றி மாணவரிடமே கருத்துத் தாள் வாங்கும் முறை வந்துள்ளது. சுந்தரனார் காலத்தில் அத்தகைய தாள் இல்லை. ஆயினும் மாணவன் தன் ஆசிரியரைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கு அன்றும் இடமிருந்தது. 1891-இல் மனோன்மணீயத்தை வெளியிட்டபோது அவர் அந்நூலை ஹார்விக்கே உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தாம் அமைத்த இல்லத்திற்கும் ஹார்விபுரம் என்று பெயரிட்டார். தமிழின் பெருமை பேசும் ஒரு பெருநூல் ஆங்கிலேய ஆசான் ஒருவருக்குக் காணிக்கையானது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். தாம் பெற்ற அறிவுக்கு மாணவர் அளித்த நற்சான்று அது என்று கண்டால் வியப்பு நீங்கும்.

அந்நாடகத்தின் கதையும் இதனையே நமக்குப் போதிக்கின்றது. லிட்டன் பிரபு எழுதிய இரகசிய வழி என்னும் ஆங்கிலக் கதையைத் தழுவி, அதனைப் பாண்டிய நாட்டுக் கதையாக்கினார் ஆசிரியர். அரசன் சீவகன் நல்லவன். ஆனால் முகத்துதியை நம்புகிறவன். அமைச்சன் குடிலன் அவனைப் புகழ்ந்து புகழ்ந்து, மதுரையை விட்டு நெல்லையில் புதுக்கோட்டை கட்டச் செய்கின்றான். குருவாகிய சுந்தர முனிவரின் அறிவுரையைச் சீவகன் பொருட்படுத்தவில்லை. உண்மை ஊழியனான நாராயணன் சொல்வதும் அவன் செவியில் ஏறவில்லை. முடிவில் போரில் தோற்று, குருவின் அருளாலேயே குடிலனின் வஞ்சம் வெளிப்படக் காண்கின்றான். மேலுள்ள வழிகாட்டியின் சொல்லும் கீழுள்ளவனின் உண்மையுரையும் கேளாதவன், தன் கோட்டைக்குள்ளேயே சிறைப்படுவான். இஃது அரசருக்கு மட்டும் உரிய பாடமன்று. சுந்தர முனிவர் என்னும் பாத்திரத்தில் கோடகநல்லூர்ச் சுவாமிகளின் சாயலைக் காண்போர் பலர்.

பிறர் பிழையைப் பண்போடு எடுத்துரைக்கவும் சுந்தரனார் வல்லவர். திருஞானசம்பந்தர் 13-ஆம் நூற்றாண்டினர் எனக் கால்டுவெல் முதலிய பேரறிஞர் கருதியிருந்தனர். சுந்தரனார் அவர்களை இகழாமல், சான்றுகளை வரிசையாக அடுக்கி, சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிற்பட்டவர் அல்லர் என்று நிறுவினார். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைப் படியெடுத்து ஆராய்ந்து, பழைய வேணாட்டு அரசர் வரலாற்றை 1894-இல் எழுதினார். அறிவு வளர்வது, முன்னோர் சொன்னதைப் பின்னோர் மரியாதையுடன் திருத்துவதனால் அல்லவா?

தாம் பெற்றதை அவர் இளைஞருக்கும் வழங்கினார். வேதாசலம் என்னும் நாகை இளைஞர் தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். பட்டம் ஏதும் பெறாதவர். சுந்தரனாருக்குத் தமிழ் சொல்லிய அதே நாராயணசாமிப் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். அவர் எழுதிய கடிதத்தின் தமிழ் நயத்தைக் கண்ட சுந்தரனார் மகிழ்ந்து, அவரைத் திருவனந்தபுரத்திற்கு வரவழைத்துப் பேசினார். பட்டம் எங்கே என்று கேளாமல் புலமையைப் பார்த்தார். அவருடைய ஆதரவால் இந்நகரிலேயே ஒரு பள்ளியில் தமிழாசிரியர் வேலை அவ்விளைஞருக்குக் கிடைத்தது. சில மாதங்களே அவர் இங்கிருந்தார். எனினும் 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகி, பின்னர் மறைமலையடிகள் என உலகம் போற்ற விளங்கிய அப்பெரியார் ஆசிரியத் தொழிலில் முதலடி வைத்தது நம் ஊரில்தான். பள்ளியிறுதியோடு நின்றவனாகிய எனக்கு, சுந்தரனார் வாழ்வில் மிகப் பிடித்த நிகழ்ச்சி இதுவே.

1897-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், தம் 42-ஆம் வயதில் சுந்தரனார் மறைந்தார். அவர்தம் மைந்தர் பி. எஸ். நடராஜ பிள்ளை திருவிதாங்கூர்–கொச்சி அரசில் நிதியமைச்சராய் இருந்தவர். பேரூர்க்கடை அரசுப் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நெல்லையில் 1990-இல் தோன்றிய பல்கலைக்கழகம் தந்தையார் பெயரைத் தாங்குகின்றது.

இனி, நம் காலனிக்கு வருவோம். ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடைபெறுவதை அறிவீர்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதுவே தமிழெழுத்தைக் காட்டும் ஒரே சாளரம். சென்ற ஆண்டு, ஊதியமின்றிக் கற்பித்துவந்த ஓர் அம்மையார் மனம் நொந்து விலகினார். வகுப்பில் எழுதி எழுதிக் கை வலிக்கிறது, கதை ஒன்றும் சொல்வதில்லை என்று என் மகள் வீட்டில் சொன்னாள். அதனை நான் மாடிப்படியில் நின்று நாலு பேரிடம் சொன்னேன். அந்த அம்மையாரிடம் மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அருகில் ஒரு நாளேனும் அமர்ந்து உதவிய பெரியவரும் நம்முள் ஒருவரில்லை. சுற்றி வந்த சொல் அவர் செவியில் பழிச்சொல்லாகவே விழுந்தது. குற்றம் அவருடையதன்று, நம்முடையது. முதற்கண் என்னுடையது.

ஆதலின் சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள். மாதம் ஒருமுறை, எது விளங்கிற்று, எது விளங்கவில்லை என்று பிள்ளைகளைக் கேட்டு, அவர்கள் சொல்வதை ஆசிரியரிடம் நேரில், அன்போடு சேர்ப்பிப்போம். நம்மிடையே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்கள் முறைவைத்து வகுப்பில் உடனிருந்து, பாடம் முடிந்தபின் தனியே ஆலோசனை சொல்வாராக. விலகிய அம்மையாரை நானே நேரிற் கண்டு மன்னிப்புக் கேட்டு, மீண்டும் வருமாறு அழைக்க இருக்கின்றேன்.

அடுத்த ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்தை மனப்பாடமாக மட்டுமன்றித் தாமே எழுத்துக் கூட்டிப் படித்துப் பாடுவாராயின், அதுவே சுந்தரனாருக்கு நாம் செய்யும் சிறந்த வணக்கமாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!