விக்ரம் சாராபாயும் ஓராண்டுத் தொலைக்காட்சியும்

உத்தரமேரூரை அடுத்துள்ள திருப்புலிவனம் எமது ஊர். புலிக்கால் முனிவர் வழிபட்டதாகச் சொல்லப்பெறும் பழங்கோயிலும், அதன் சுவர்களிற் சோழர்காலக் கல்வெட்டுக்களும், சூழ நெல்வயல்களும் உடைய சிற்றூர் அது. அவ்வூரில் எம் இல்லத்துப் பரணின்மேல் 14 அங்குல அளவினதாகிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, பழம்புடவையாற் பொதியப்பெற்றுக் கிடக்கின்றது. 2006-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழக அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தின்வழி வந்த பெட்டி அது. அதன் முன்னிருந்தே யாம் வளர்ந்தோம். திரைப்படப் பாடல்களையும் முடிவுறாத் தொடர்கதைகளையும் அதிலேதான் கண்டோம். நகரத்து மாளிகைக்குச் செல்லுமுன்னரே இத்தகைய பெட்டி சிற்றூர்க் குடிகளின் முன் வைக்கப்பெறல் வேண்டுமென்று, நம் நாட்டிற் பெரும்பாலோர் தொலைக்காட்சி என்னும் சொல்லையே கேட்டறியாத காலத்து வாதிட்ட பெருமகனார் ஒருவர் இருந்தார் என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தோம். அவரே விக்ரம் அம்பாலால் சாராபாய். விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை என அவரை எல்லாரும் அறிவர். அவர் எதன்பொருட்டு விண்ணை நாடினார் என்பதை அறிந்தவர் சிலரே.

சாராபாய் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் அகமதாபாத் நகரிற் பிறந்தார். தந்தையார் அம்பாலால், துணியாலைகளுக்கு உரிமை பூண்ட பெருஞ்செல்வர், தாயார் சரளாதேவி. மக்களைப் பிறர் பள்ளிக்கு அனுப்புவதினும் வீட்டிலேயே ஒரு பள்ளியை நிறுவுதல் நலமென்று கருதிய பெற்றோர் அவர்கள். காந்தியடிகளும் தாகூரும் வந்துபோகும் இல்லம் அது. செல்வத்திற் பிறந்தார் என்பதை யாம் மறைக்க வேண்டுவதில்லை. நெசவாலைத் தொழிலாளர் குடில்கள் நிறைந்த நகரத்தில், மதில்சூழ்ந்த தோட்டத்தினுள் வளர்ந்த பிள்ளை அவர். அம்மதிலுக்கு அப்பால் வாழ்வாரைப்பற்றிய எண்ணம் அவருக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதே எமக்கு வியப்பை விளைவிக்கின்றது.

குஜராத்துக் கல்லூரியிற் பயின்றபின் கேம்பிரிட்ஜ் சென்று, தூய யோவான் கல்லூரியிற் சேர்ந்து 1940-இல் இயற்கை அறிவியலிற் பட்டம் பெற்றார். உலகப்போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பிப் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் சர் சி. வி. இராமன் அவர்களின் மேற்பார்வையில் அண்டக்கதிர் ஆராய்ச்சியை மேற்கொண்டார். அங்கே ஹோமி பாபாவின் நட்பும் கிட்டிற்று. 1942-இல் அவர் மணந்த மிருணாளினி அம்மையார் சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனுக்கும், பின்னர் அரசியல் நிருணய சபையில் உறுப்பினராக வீற்றிருந்த அம்மு சுவாமிநாதனுக்கும் மகளார். நேதாஜியின் படையிற் புகழ்பெற்ற கேப்டன் லட்சுமியின் தங்கையார். பந்தனைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். ஆகவே சாராபாயை ஒருவகையில் நம் சென்னையின் மருமகப்பிள்ளை என்று உரிமை பாராட்டுதலும் தகும்.

போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். அப்போது அவருக்கு அகவை 28. அக்கூடத்தின் முதல் இயக்குநராகப் பாலக்காட்டுக் கல்பாத்தியிற் பிறந்த வானிலை அறிஞர் கே. ஆர். இராமநாதனை அமர்த்தித் தாம் அவர்க்கு இளையவராக நின்று பணிபுரிந்தார். நெசவுத்தொழில் ஆராய்ச்சிக் கழகம், மேலாண்மைக் கல்விக் கழகம் என அவர் தொடங்கிய நிலையங்கள் பல. அவற்றையெல்லாம் விரித்தால் இம்மலரின் பக்கங்கள் போதா.

தும்பாவின் கதையை மட்டும் சொல்லாது விடல் இயலாது. பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்தை ஒட்டிச் செல்கின்றது. அவ்விடத்து மேல்வளி மண்டலத்தை ஆராய ஏவூர்தித் தளம் ஒன்று வேண்டப்பட்டது. தேர்ந்த நிலமோ மீனவர் வாழ்ந்த கடற்கரை. அதன் நடுவே தூய மகதலேனா மரியாள் ஆலயம் நின்றது. சாராபாய் திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களைக் கண்டு தம் வேண்டுகோளைத் தெரிவித்தார் என்றும், ஆயர் உடனே விடைகூறாது ஞாயிறு வழிபாட்டிற்கு வருமாறு பணித்தார் என்றும், அவ்வழிபாட்டில் ஆயர் மக்களிடமே கேட்க, அவர்கள் ஆமென் என்று இசைந்தனர் என்றும் அப்துல் கலாம் அவர்கள் பலகாலும் நினைவுகூர்ந்துள்ளார். ஆலயம் அலுவலகமாயிற்று, ஆயரகத்திலும் ஆய்வாளர் குடிபுகுந்தனர்.

இந்நிகழ்ச்சியை அறிவியலும் சமயமும் கைகோத்தமைக்குச் சான்றாகப் பலர் மேடைகளிற் பேசுவர். யாமும் அவ்வாறே மகிழ்ந்தோம். ஆயினும் அம்மகிழ்ச்சியினூடே ஒன்று உறுத்துகின்றது. ஆயர் இழந்தது ஒரு கட்டடம். மீனவர் இழந்தது தம் மனையும், கட்டுமரம் தள்ளிய கரையும், முன்னோர் கல்லறையருகே வாழும் உரிமையும் ஆகும். அவர்களுக்கு வேறிடத்தில் வீடும் ஆலயமும் அமைக்கப்பெற்றன என்பது மெய்யே. எனினும் ஆமென் என்று சொன்னவர்களின் பெயரை எந்நூலும் கூறவில்லை. இக்கடன் சாராபாயின் உள்ளத்தில் இருந்ததோ என யாம் அறியோம். எளியவர் நிலத்திலிருந்து எழுந்த அறிவியல் எளியவர்க்கே திரும்பிப் பயன்படல் வேண்டுமென்பதில் அவர் பின்னர்க் காட்டிய பிடிவாதத்தை மட்டும் அறிவோம்.

1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலை, அமெரிக்கா அளித்த நைக்கி அப்பாச்சி என்னும் ஏவூர்தி தும்பாவினின்றும் எழுந்தது. அது வானிற் சிந்திய சோடிய ஆவி செம்மஞ்சள் நிறத்து முகிலாய்ப் படர்ந்தது. 1966 சனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைய, அணுசக்திக் குழுவின் தலைமையும் சாராபாயின் தோள்மேல் ஏறிற்று.

இனி, தொலைக்காட்சிக்கு வருவோம். அமெரிக்காவில் வண்ண ஒளிபரப்பிற்கான முறை 1953 டிசம்பரில் அரசின் இசைவு பெற்றது. 1966-ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் அந்நாட்டின் மூன்று பெரு நிறுவனங்களும் தம் மாலை நிகழ்ச்சிகளையெல்லாம் வண்ணத்திலேயே அளிக்கத் தலைப்பட்டன. அக்காலத்து இந்தியாவின் நிலை யாது? 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் ஒரு சிறு நிலையம் சோதனையளவில் தொடங்கியது. வேறெந்த நகரத்திலும் இல்லை. பம்பாய்க்கே 1972 அக்டோபரிற்றான் தொலைக்காட்சி வந்தது. ஆகவே சாராபாய் உயிரோடிருந்த நாள் முழுவதும் இந்தியத் தொலைக்காட்சி என்பது தில்லித் தொலைக்காட்சியே.

மற்றை நாடுகள் சென்ற வழி ஒன்றுண்டு. முதலில் தலைநகர், பின்னர்ப் பெருநகரங்கள், பின்னர்ச் சிறுநகரங்கள், இறுதியாக, பொருள் எஞ்சினால், சிற்றூர். இவ்வழியே சென்றால் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட நம் சிற்றூர்கள் எத்தனை தலைமுறை காத்திருக்கும் என்பதே சாராபாயின் வினா. நிலத்திற் கோபுரம் எழுப்பும் முறையில் தொலைவு மிகமிகச் செலவு மிகும். பூமத்திய ரேகைக்குமேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கோ தில்லியும் ஒன்றே, திருப்புலிவனமும் ஒன்றே. ஏழை நாட்டிற்கு இத்தகைய ஆடம்பரம் எதற்கு என்று கேட்டோர் பலர். ஏழை நாடாதலின், பிறர் ஏறிய படிகளை ஒவ்வொன்றாய் ஏறப் பொருளும் காலமும் இல்லை. ஆதலின் தாவியே ஏறுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1967 சனவரி 26-இல் தில்லியைச் சூழ்ந்த 80 சிற்றூர்களில் பொதுப்பெட்டி வைத்து உழவர்க்கான நிகழ்ச்சி தொடங்கப்பெற்றது, அவர் ஊக்கத்தால் நிகழ்ந்த முன்னோட்டமே. 1969 செப்டம்பர் 18-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் தலைவர் தாமஸ் பெயினும் சாராபாயும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அமெரிக்கா தன் செயற்கைக்கோளை ஓராண்டு இரவல் தரும். பெட்டிகளும் நிலநிலையங்களும் நிகழ்ச்சிகளும் இந்தியாவின் பொறுப்பு.

இரவற் கோளுக்காகக் காத்திருந்தவர் அதைக் காணவில்லை. 1971 டிசம்பர் 30-ஆம் நாள், தும்பாப் பணிக்காக வந்து தங்கியிருந்த கோவளத்து விடுதியில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அகவை 52 மட்டுமே. அவரைக் காணத் திருவனந்தபுரம் வந்திறங்கிய அப்துல் கலாம் அவர்கள் அச்செய்தியையே கேட்டார்.

எஞ்சிய பணியை யஷ்பால், சிட்னிஸ் முதலிய அவர் தோழர் முடித்தனர். 1974 மே 30-இல் ஏவப்பெற்ற ஏ.டி.எஸ்.-6 என்னும் அக்கோள், முதலாண்டில் அமெரிக்காவின் மலைநாட்டு மக்களுக்கும் அலாஸ்கா நாட்டினர்க்கும் கல்வியும் மருத்துவமும் கொண்டுசென்றது; பின்னர் ஆப்பிரிக்காவிற்கு மேலே நகர்த்தி நிறுத்தப்பெற்றது. அதன் அலைவாங்கி குடைபோல் விரிந்து 9 மீட்டர் அகன்றது. அத்துணைப் பெரிதாயிருந்தமையாற்றான் கீழேயுள்ள ஊர்களில் எளிய அலைவாங்கிகளே போதுமாயின. கோழிக்கூட்டிற்கு அடிக்கும் கம்பிவலையை 3 மீட்டர் அகலத்தில் கிண்ணமாக வளைத்து, அகமதாபாத்துப் பொறியாளர் அவற்றை அமைத்தனர். கோழிவலையால் விண்ணின் ஒலியையும் ஒளியையும் பிடித்த அச்செயலே இவ்வரலாற்றில் எமக்கு மிகவும் உவப்பானது. பெட்டிகள் கறுப்பு வெள்ளையே. வண்ணத்தை எவரும் வேண்டவுமில்லை.

1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 1976 சூலை 31-ஆம் நாள்வரை, ஆந்திரம், கருநாடகம், ஒரிஸ்ஸா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்கள் அவ்வொளிபரப்பைப் பெற்றன. நாடோறும் நான்கு மணி நேரம்: காலையிற் பள்ளிப் பிள்ளைகட்கு ஒன்றரை மணி, மாலையில் ஊரார்க்கு இரண்டரை மணி. இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா என நான்கு மொழிகள். பெட்டி பெரும்பாலும் பள்ளியிலோ ஊராட்சிப் பொதுமனையிலோ வைக்கப்பெற்றது. எச்சாதியாரும் வந்து காணத்தக்க இடமாதல் வேண்டும் என்பது விதி. இஃது எளிய விதியன்று. ஒருவர் திண்ணையில் ஒருவர் அமர இயலாத ஊர்கள் அவை.

குறைகளையும் சொல்லுதல் வேண்டும். அவ்வோராண்டு நாட்டில் நெருக்கடி நிலை நிலவிய ஆண்டு. மாலை நிகழ்ச்சியில் அரசின் குரலும் உடன் ஒலித்தது. அதை மறுத்துரைக்கும் குரல் ஒலிக்கவில்லை. தில்லியிற் சமைத்த நிகழ்ச்சி சில ஊர்களுக்குப் பொருந்தாமலும் போயிற்று. ஆயினும் எழுத்தறியாப் பெண்டிர் உடல்நலம்பற்றிய செய்திகளை அதன்வழி அறிந்துகொண்டனர் என்று பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. ஏட்டுக்கல்வி பெற்றோர் அறிந்தவற்றை ஏடறியாதார் கண்ணாலும் காதாலும் பெற்றனர். சாராபாய் எதிர்பார்த்ததும் அதுவே.

தமிழகத்துச் சிற்றூர் ஒன்றுகூட அவ்வாறு மாநிலத்துள் இல்லை. அதே 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. அஃதாவது, நமக்கு வந்தது அவர் அஞ்சிய பழைய வழியே: முதலில் தலைநகர். எம் ஊர்ப் பெரியோர் சிலர், ஊராட்சி மன்றத்துப் பெட்டியின்முன் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் காணத் திரண்ட காலத்தைச் சொல்வர்; அது பல்லாண்டு கழித்து நிகழ்ந்தது. பரண்மேற் பெட்டியோ அதனினும் பின்னர் வந்தது. வந்தபோது வண்ணமாகவே வந்தது. அதில் உழவு பற்றிய நிகழ்ச்சியை எம் இல்லத்தார் எவரும் ஒருநாளும் கண்டதாக எமக்கு நினைவில்லை. குற்றம் எம்முடையதும் ஆகலாம்.

கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க், செயற்கைக்கோள்வழித் தொடர்பை 1945-லேயே எழுத்தில் வகுத்தவர். அவர் இல்லத்து மாடியிலும் இந்தியப் பொறியாளர் ஓர் அலைவாங்கியை நிறுவிக் கொடுத்தனர். 1976 சூலை முடிந்ததும் அக்கோள் மீண்டும் அமெரிக்காவை நோக்கி நகரத் தொடங்கிற்று. நிலத்துநிலையம் அமைந்த சில பகுதிகளிற் காட்சி தொடர்ந்தது. ஏனைய ஊர்களில் ஆசிரியர் விசையைத் திருப்பினார், வெண்புள்ளிகளே தோன்றின. நமக்கே உரிய இன்சாட் கோள் 1983-இற்றான் நிலைபெற்றது.

தும்பாவின் ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். சென்ற ஆண்டுச் சுற்றுலாவில் யாம் அதைக் கண்டோம். ஆலயத்தின் உருவம் மாறவில்லை. வெளியே வந்தபோது கடலின் இரைச்சல் கேட்டது. உடன்வந்த நண்பர் ஒருவர், பழைய வழிபாட்டு நேரம் எதுவாக இருந்திருக்கும் என்று வினவினார். எம்முள் எவர்க்கும் விடை தெரியவில்லை.