எழும்பூரில் பிறந்த ‘மெட்ராஸ் முறை’: டாக்டர் பெல்லின் கதை

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் அல்லும் பகலும் ஜனங்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். ஒரு காலத்தில் அந்த இடத்தில் ஆங்கிலேயரின் சிறு கோட்டை ஒன்று இருந்தது. கோட்டைக்கு வேலை இல்லாமல் போனபின், அதில் அநாதைப் பையன்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். அந்தப் பள்ளியில் ஒரு பாதிரியார் தம் பையன்களிடம் செய்து பார்த்த சோதனை, பிறகு இங்கிலாந்து முழுவதும் பரவியது. அங்கே அதற்கு வழங்கிய பெயர் ‘மெட்ராஸ் முறை’.

அந்தப் பாதிரியார் டாக்டர் ஆண்ட்ரு பெல். 1753-ல் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் க்ஷவரத் தொழிலாளி. பையன் கணக்கில் கெட்டிக்காரன். சர்வகலாசாலைப் படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் வர்ஜீனியாவுக்குப் போய், ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர் திரும்பும்போது கப்பல் உடைந்தது, உயிர் தப்பினார். பிறகு பாதிரியாராகி, 1787-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். கல்கத்தா போவதாகத்தான் எண்ணம். சென்னையில் இறங்கியவர் இங்கேயே தங்கிவிட்டார்.

பணம் சேர்ப்பதில் அவர் சமர்த்தர். பட்டாளத்துப் பாதிரியார் பதவிகள் பலவற்றை ஒரே சமயத்தில் வகித்தார். 128 பவுனுடன் வந்தவர், ஒன்பது வருஷத்தில் 25,000 பவுனுக்கு மேல் சேர்த்துக்கொண்டு போனார். ஆனால் எழும்பூர் அநாதைப் பள்ளிக்கு மேற்பார்வையாளராக 1789-ல் அழைக்கப்பட்டபோது, அந்த வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மனித சுபாவம் விசித்திரமானது!

அங்கிருந்த பையன்கள் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்தவர்கள். அவர்களால் ஒன்றும் ஆகாது என்பதே அன்றைய வெள்ளைக்காரர் பேச்சு. வாத்தியார்களோ வேண்டாவெறுப்பாக வேலை பார்த்தார்கள். பெல் பாடுபட்டு ஒருவருக்குப் பழக்கிவிட்டால், அவர் அதிகச் சம்பளம் கிடைக்கும் வேறு வேலைக்குப் போய்விடுவார். அரிச்சுவடி வகுப்பு மாதக்கணக்கில் அதே இடத்தில் நின்றது.

மணலில் எழுத்து

ஒருநாள் காலை பெல் குதிரைமேல் போய்க்கொண்டிருந்தார். வழியில் நம்மவர் பள்ளிக்கூடம் ஒன்று. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் பாட்டனார் எல்லோரும் படித்த விதம்தான். நமக்கு இதில் அதிசயம் இல்லை. பெல்லுக்கு அது அதிசயமாக இருந்தது. சிலேட்டும் காகிதமும் வேண்டாம். தப்பு எழுதினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். கையும் கண்ணும் வாயும் ஒன்றாக வேலை செய்கின்றன. பிள்ளை சும்மா இருக்க வழியில்லை.

திரும்பி வந்ததும், கடைசி வகுப்புக்கு மணலில் எழுத்துச் சொல்லித் தரும்படி வாத்தியாரிடம் கூறினார். அவர் சில நாள் கழித்து வந்து, இது நடக்காத காரியம் என்று கையை விரித்துவிட்டார்.

இன்னொருவராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார். முறை சரியில்லையா, அல்லது செய்தவர் சரியில்லையா என்று பெல் யோசித்தார். இதை அறிய ஒரே வழி, ஆளை மாற்றிப் பார்ப்பது. ஜான் பிரிஸ்கன் என்று எட்டு வயதுப் பையன். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். அவனைக் கூப்பிட்டு, அந்த வகுப்பு இனி உன் பொறுப்பு என்று ஒப்படைத்தார். வாத்தியாரால் முடியாததைப் பையன் செய்து காட்டினான். அவனுக்குத் துணையாக இன்னும் சில பையன்களைப் போட்டார். சில வருஷங்களில் பல வகுப்புகள் பிரிஸ்கன் மேற்பார்வையில் நடந்தன.

இதற்குப்பின் பெல் பள்ளி முழுவதையும் மாற்றினார். கெட்டிக்காரப் பையன் பக்கத்துப் பையனுக்குச் சொல்லித் தர வேண்டும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு படித்தார்கள் என்பதைக் குறித்து வைக்க வேண்டும். குற்றம் செய்தவன் பெயர் ஒரு கறுப்புப் புத்தகத்தில் ஏறும். வாரம் ஒருமுறை பையன்களே பஞ்சாயத்துக் கூடித் தீர்ப்புச் சொல்வார்கள். பிரம்புக்கு வேலை குறைந்தது. ஒன்றுக்கும் ஆகமாட்டார்கள் என்று சொல்லப்பட்டவர்களில் ஒருவனான வில்லியம் ஸ்மித், 1794-ல் திப்பு சுல்தானிடம் போன தூதுக்குழுவுடன் சென்று, சுல்தான் முன்னிலையில் விஞ்ஞானக் கருவிகளை இயக்கிக் காட்டினான்.

யாருக்குப் பெருமை?

1796-ல் பெல் தாய்நாடு திரும்பினார். மறுவருஷம் லண்டனில், தாம் எழும்பூரில் செய்த கல்விப் பரிசோதனையை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞரும் லண்டனில் ஏறக்குறைய இதேபோல் பள்ளி நடத்தினார். யார் முதலில் கண்டது என்று இரு கட்சிகள் கிளம்பி, பல வருஷம் சண்டை போட்டன. 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபையார் தேசியக் கல்விச் சங்கம் அமைத்து, பெல்லின் முறையில் ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்தினார்கள்.

மணலை நம்மவரிடம் கற்றதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவனை வாத்தியாராக்கியது தம் சொந்த யோசனை என்றார். ஆனால் நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் உண்டே! அதை அவர் பார்த்தாரோ, பார்க்கவில்லையோ. கம்பெனி டைரக்டர்களுக்கு மட்டும் சந்தேகம் இல்லை. 1814-ல் வங்காளத்துக்கு அனுப்பிய உத்தரவில், இந்தியக் கிராம உபாத்தியாயர்களின் பழைய முறையே சென்னையில் பாதிரியாராக இருந்த பெல் மூலம் இங்கிலாந்துக்கு வந்தது என்று எழுதினார்கள்.

பிற்கால பெல்லைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியாது. ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிந்தால் போதும், எழுத்தும் கணக்கும் எதற்கு என்று எழுதினார். மணலில் எழுதிப் படித்த பையன்களைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது இது! 1816-ல் சுவிட்சர்லாந்து போய்ப் பெஸ்டலாஜியின் புகழ்பெற்ற பள்ளியைப் பார்த்தார். அதில் தமக்குக் கற்க ஒன்றும் இல்லை என்று கருதினார். பள்ளி பள்ளியாகப் போய், தாம் வகுத்ததிலிருந்து இம்மி பிசகினாலும் உபாத்தியாயர்களைக் கடிந்துகொண்டார். எழும்பூரில் தம் சோதனை பலிக்காதபோது வேறு விதமாகச் செய்து பார்த்தவர், வேறு வாத்தியார் யாரும் அப்படிச் செய்வதைச் சகிக்கவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து நடத்திய அந்தப் பள்ளிகளில் பாடம் வெறும் ஒப்பிப்பாக மாறியது. 1846-க்குப் பின் அரசாங்கம் வேறு ஏற்பாட்டுக்குப் போயிற்று.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1832 ஜனவரியில் காலமானார். கல்விக்காக அவர் ஒதுக்கி வைத்தது 1,20,000 பவுன். அந்தப் பணத்தில் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளிக்குப் பெயர் ‘மெட்ராஸ் காலேஜ்’. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், மன்னர்கள் உறங்கும் இடத்திலேயே அவருக்கும் சமாதி. அங்குள்ள சலவைக்கல்லில், பிள்ளைகள் சூழப் பெல் வகுப்பறையில் இருப்பதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். கீழே உள்ள வாசகத்தில் நம் ஊரின் பெயரும் இருக்கிறது.