புகையை வென்ற ரம்ஃபோர்டு பிரபு

இயற்பியல் பயிலும் நண்பர்களுக்கு ரம்ஃபோர்டு பிரபு என்னும் பெயர் புதிதன்று. மியூனிக் நகரப் படைக்கலச் சாலையில் பீரங்கிக் குழலைக் குடையும்போது எழுந்த சூட்டினாலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்தவர் அவர். வெப்பம் என்பது ஒரு பொருளன்று, இயக்கமே என்று 1798 இல் வாதிட்டவர். அப்பேரறிஞர் இலண்டனில் வீடு வீடாகச் சென்று, புகையும் கணப்படுப்புகளைப் பழுது பார்த்தார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

அவரது இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த வோபர்ன் என்னும் ஊரில் 1753 இல் உழவர் குடியில் பிறந்தார். பத்தொன்பது வயதில் செல்வம் மிக்க கைம்பெண் ஒருவரை மணந்தார். விடுதலைப் போர் மூண்டபோது ஆங்கில அரசின் பக்கம் நின்றார். அதற்கு உளவும் சொன்னார். மனைவியையும் பெண் குழந்தையையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அந்த மனைவியை அவர் மீண்டும் காணவேயில்லை. பின்னர் பவேரிய அரசில் உயர் பதவி வகித்துப் பிரபுப் பட்டம் பெற்றபோது, அவர் தேர்ந்துகொண்ட ரம்ஃபோர்டு என்னும் பெயர் அம்மனைவியின் ஊருக்கு முன்பு வழங்கிய பெயரே! இதை நன்றியென்பதா, வேறென்னவென்பதா, எனக்குத் தெரியவில்லை.

1795 இல் அவர் இலண்டன் திரும்பினார். அந்நாளில் அங்கே குளிர்காயும் கணப்படுப்புகள் குகை போல் அகன்றிருந்தன. கரி எரிந்தது, ஆனால் அறை சூடேறவில்லை, புகைதான் நிறைந்தது. புகைபோக்கியை உயர்த்திக் கட்டுவதும், உச்சியில் மூடி போடுவதும், குளிரில் கதவைத் திறந்து வைப்பதுமே மக்கள் அறிந்த மருந்து. ரம்ஃபோர்டு உச்சியைப் பார்க்கவில்லை; அடுப்புக்கு நேர் மேலேயுள்ள தொண்டையைப் பார்த்தார். நோய் அங்கேதான் இருந்தது. தொண்டை மிக அகலமானதால் அறையின் காற்று பெருமளவில் உட்புகுந்து சூடான புகையுடன் கலந்தது. குளிர்ந்த புகை மேலெழும் விசையை இழந்து, சிறு காற்றடித்தாலும் அறைக்கே திரும்பியது. வெளியேறிய காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று நுழைந்தது. முன்பக்கம் வெந்து, முதுகு விறைத்து உட்கார்ந்திருந்தார்கள் இலண்டன் சீமான்கள்!

அவர் செய்த பழுதுபார்ப்பு எளியது. பின்சுவரை முன்னே கொண்டுவந்து, தொண்டையின் ஆழத்தை நான்கு அங்குலமாகக் குறுக்கினார். பின்சுவரின் அகலத்தை முன்வாயில் மூன்றில் ஒரு பங்காக்கினார். பக்கச் சுவர்களைப் பின்சுவரோடு 135 பாகைக் கோணத்தில் சாய்த்தார். அறையைச் சூடாக்குவது நெருப்பின் கதிர்வீச்சே என்பது அவர் கொள்கை. ஆகவே இரும்பை நீக்கிச் செங்கல்லோ கல்லோ வைத்து வெள்ளையடிக்கச் சொன்னார். நான்கு அங்குலத் தொண்டையில் புகைபோக்கி துடைப்பவன் எப்படி நுழைவான்? அதற்கும் வழி வைத்தார். பின்சுவரின் மேற்பகுதியில் ஒரு திறப்பு விட்டு, காரை பூசாத ஓடொன்றால் அதை மூடினார், வேண்டும்போது எடுத்துவிடலாம்.

ஐந்நூறுக்குக் குறையாத புகைபோக்கிகள் தம் கையில் வந்ததாக அவரே கணக்குச் சொல்கிறார். காப்புரிமை கேட்கவில்லை, அளவுகளோடு முறையை 1796 இல் நூலாக வெளியிட்டார். எந்தக் கொத்தனாரும் அதைப் பார்த்துக் கட்டலாம். பீரங்கிச் சோதனையினும் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1799 இல் இலண்டன் ராயல் நிறுவனம் தோன்ற முன்னின்றார். 1805 இல் பாரிசில் வேதியியல் அறிஞர் லவாய்சியரின் மனைவியாயிருந்த கைம்பெண்ணை மணந்தார். சில ஆண்டுகளிலேயே பிரிந்தனர். 1814 இல் பாரிசை அடுத்த ஓட்டேயில் காலமானார். 1817 இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் நார்த்தாங்கர் அபே என்னும் புதினத்தில், பழைய மடமொன்றில் பிரம்மாண்டமான கணப்பைக் காணலாமென ஆவலோடு வரும் கதைத்தலைவி, அங்கே குறுகிய ரம்ஃபோர்டு அடுப்பைக் கண்டு ஏமாறுகிறாள்.